மேட்ச் பார்க்கக் கொழும்புக்குப் போகும் திருமலைக்காரர் கவனத்துக்கு

உவர்மலைப் பக்கத்தில் இருந்து கெத்தாராமவுக்கு, அதாவது கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்துக்கு, ரி20 பார்க்கப் போன நாலு பொடியன்களில் இரண்டு பேர் மைதானத்துக்குள் காலே வைக்காமல் திரும்பி வந்திருக்கிறார்கள். லொட்ஜுக்கு இரண்டு நாள் வாடகை, ஓட்டோவுக்கு இரட்டிப்புக் காசு, செல்லாத ரிக்கெட் இரண்டு, போதாக்குறைக்கு ஒரு போலித் துடுப்பு மட்டை. இழந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால், எல்லாமே விடியப்புறம் ஐந்து மணிக்குக் கொழும்புக் கோட்டையில் இறங்கியதற்கும் மாலை ஏழு மணிக்கு முதல் பந்து போடுவதற்கும் இடையில் நடந்திருக்கிறது. கையில் பை, கண்ணில் தூக்கம், போக இடமில்லை, பதினாலு மணித்தியாலம் கழிக்க வேண்டும். இப்படி நிற்பவரைத் தேடித்தான் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். மேட்சுக்கு ஆயத்தம் செய்வதைவிட அந்தப் பகலுக்கு ஆயத்தம் செய்வது முக்கியம். எங்கே எப்படி மாட்டுகிறார்கள் என்பதை நடக்கும் ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க ஓடி வரும் 49ஆம் இலக்க பஸ் உங்களைப் புறக்கோட்டையில் இறக்கும். ரயில் என்றால் மருதானை தாண்டிக் கோட்டை. இரண்டு இடத்திலும் வெளியே வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "எங்கே போகணும்?" அல்ல, "தம்பி எந்த ஊர்?" என்பதுதான். திருமலை என்று சொன்ன அடுத்த நொடியே "அட, நான் மூதூர் பக்கம்" என்பார். கந்தளாய் என்றால் கந்தளாயில் அவருக்குச் சொந்தம் இருக்கும். ஊர் பெயரை நீங்கள் சொன்ன பிறகுதான் அவருக்கும் அந்த ஊர் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்கு அடுத்த வசனம் "ரூம் இருக்கு". லொட்ஜ்காரர் அவருக்குக் கொடுக்கும் தரகு உங்கள் வாடகையில்தான் ஏறும்.

லொட்ஜில் நடக்கும் முதல் வேலை நாள் கணக்கு. விடியப்புறம் ஐந்தரைக்கு அறை எடுக்கும்போது "ஒரு நாள் வாடகை" என்பார்கள். நீங்கள் இருபத்திநாலு மணித்தியாலம் என்று நினைப்பீர்கள். அவர்களுடைய நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முடியும். ஆறரை மணித்தியாலம் படுத்து எழும்பியவுடன் கதவைத் தட்டி இரண்டாம் நாள் காசு கேட்பார்கள். அந்தப் பொடியன்கள் மறுத்தபோது, காலையில் வாங்கி வைத்த நாலு அடையாள அட்டைகளையும் கவுண்டரில் இருந்தவர் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது, காசைக் கொடுத்தார்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள், இலக்கத்தை எழுதட்டும், போட்டோ பிரதி கேட்டால் கொடுங்கள். அட்டையைக் கையில் விட்டுவிட்டு மாடி ஏறாதீர்கள். காசு கொடுக்குமுன் "எத்தனை மணிக்கு அறையை விட வேணும்?" என்று கேட்டு, அந்த நேரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த படியில் இறங்கிவிடலாம். இன்னும் காசு கொடுக்கவில்லை.

பகலில் மட்டும் தங்க ஆசைப்பட்டால், அறை எடுக்காமலும் சமாளிக்க வழி உண்டு. கோட்டை ரயில் நிலையத்தில் பொதி ஒப்படைக்கும் அறை இருக்கிறது. சின்னப் பூட்டு ஒன்று கொண்டுபோய் பையைப் பூட்டிக் கொடுங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மறக்காமல் மூடும் நேரத்தைக் கேளுங்கள். ரி20 மேட்ச் ஏழுக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடியும், கூட்டம் கலைந்து கோட்டைக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம். அதற்குள் அந்த அறை மூடுமென்றால், மைதானத்துக்குப் போகுமுன்னமே பையை எடுத்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். உறவினர் இல்லாத திருமலைக்காரர் குறைவு.

ஓட்டோவில் "மீட்டர் பழுது" என்றால் ஏறவே கூடாது, அது பேரம் பேசும் இடமில்லை. மீட்டர் போட்டாலும் மூன்று விடயம் பாருங்கள்: ஏறியவுடன் ஆரம்பக் கட்டணத்தில் இருந்து தொடங்குகிறதா, வண்டி ஓடும்போது ஏறும் வேகம் உங்கள் போனில் உள்ள மேப் காட்டும் தூரத்தோடு ஒத்துப்போகிறதா, சிக்னலில் நிற்கும்போது ஓடுவதுபோல் பாய்கிறதா. கோட்டையில் இருந்து கெத்தாராம ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். மருதானையில் இறங்கி ஏறினால் அதில் பாதித் தூரம். பிக்மீ, ஊபர் செயலிகளில் கட்டணம் முன்னமே தெரியும். ஆனால் வந்து நிற்கும் வண்டியின் இலக்கத் தகடு போனில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், சாரதி என்ன காரணம் சொன்னாலும் ஏறாதீர்கள்.

காசு கொடுக்கும்போது இன்னொரு வேலை நடக்கும். 5000 ரூபாய்த் தாளும் 100 ரூபாய்த் தாளும் மங்கிய வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒரே நிறமாகத் தெரியும். நீங்கள் 5000 நீட்ட, சாரதி குனிந்து நிமிர்ந்து "தம்பி, நூறு தந்திருக்கிறீங்க" என்று ஒரு தாளைக் காட்டுவார். சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை, சாட்சி கிடையாது. வெளிக்கிடுமுன் திருமலையிலேயே பெரிய தாள்களை மாற்றுங்கள். பெரிய தாள்தான் இருக்கிறது என்றால் "ஐயாயிரம் தாறன்" என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் கண் முன்னால் விரித்துக் கொடுங்கள்.

இனி ரிக்கெட். இதில்தான் அதிகம் பேர் மனமுடைந்து திரும்புகிறார்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருவில் விற்கப்படும் ரிக்கெட் கள்ளமா நல்லதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, ஏனென்றால் அது உண்மையான ரிக்கெட்டின் பிரதி. வாசலில் இயந்திரம் வாசிப்பது கோட்டுக் குறியையோ கியூஆர் சதுரத்தையோதான். அந்தக் குறி ஒரு தடவை வாசிக்கப்பட்டவுடன் கணக்கில் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகிவிடும். ஒருவர் ஒரு ரிக்கெட்டை வாங்கி, அதன் திரைப் படத்தை ஐந்து பேருக்கு விற்றால், முதலில் வாசலுக்கு வருபவர் உள்ளே போவார், மற்ற நாலு பேருக்கும் சிவப்பு விளக்கு. "வேலை செய்யும், பாருங்க" என்று போனில் எதையோ காட்டுவதற்கும் வாசல் இயந்திரத்துக்கும் சம்பந்தமில்லை. "உள்ளே போனபிறகு மிச்சக் காசு தாங்க" என்று பாதியை முன்னால் வாங்குவார்கள். அந்தப் பாதியே அவர்களுக்கு லாபம்.

இன்னொன்று பழைய ரிக்கெட். மூன்று மேட்ச் உள்ள தொடரில் மூன்றுக்கும் ரிக்கெட் ஒரே வடிவத்தில் அடிக்கப்படும், திகதி மட்டுமே வேறு. முந்தாநாள் நடந்த மேட்சின் ரிக்கெட்டை, திகதி மடிப்புக்குள் போகும்படி மடித்து நீட்டுவார்கள். எங்கே வாங்கினாலும் வாங்கிய இடத்திலேயே நாலு விடயத்தை வாசியுங்கள்: திகதி, பகுதி எழுத்து, மேல்தளமா கீழ்த்தளமா, வாசல் இலக்கம். ஏ, பி, சி, டி என்று பகுதிகள் உண்டு. கீழ்த்தள ரிக்கெட்டை மேல்தள விலைக்கு விற்பது சாதாரணம். ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனம் அறிவிக்கும் இணையத்தளத்திலோ அவர்களின் கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். கெத்தாராம 35,000 பேர் கொள்ளும் மைதானம். பெரிய அணி வரும்போது தவிர, திருமலையில் இருந்தே சில நாள் முன்னதாக வாங்க முடியும். வாங்கிய ரிக்கெட்டின் படத்தை முகநூலில் போடாதீர்கள். குறி தெளிவாகத் தெரிந்தால் உங்கள் ரிக்கெட்டில் வேறு யாரோ உள்ளே போய்விடுவார்.

வாசலில் பெரிய பை, கண்ணாடிப் போத்தல், தலைக்கவசம் என்று மறிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் "இங்க வச்சிட்டுப் போங்க" என்று மேசை போட்டிருப்பார். மேட்ச் முடிந்து வரும்போது மேசையும் இருக்காது, ஆளும் இருக்காது. தண்ணீர்ப் போத்தலுக்கு அதில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்கத் தேவையில்லை. கூட்டி விற்பது சட்டப்படி குற்றம்.

பகலை எங்கே கழிப்பது? காலிமுகத்திடல் கோட்டையில் இருந்து நடக்கும் தூரம், 1859இல் அமைத்த திடல், காசு இல்லை. இஸ்ஸோ வடை (இறால் வடை) சாப்பிடலாம், ஆனால் ஒன்று என்ன விலை என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்காமல் நாலைத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே நன்றாக உடுத்திய ஒருவர் வந்து "இன்றைக்கு மட்டும் கங்காராமயில் யானை ஊர்வலம், என் ஓட்டோ நிற்குது" என்பார். கங்காராம விகாரையின் நவம் பெரஹெரா என்ற அந்த ஊர்வலம் பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி நடப்பது. மற்ற மாதங்களில் அப்படிச் சொன்னால் ஓட்டோ போய் நிற்கும் இடம் இரத்தினக்கல் கடை.

வெயில் ஏறியதும் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1877இல் திறந்த கட்டடம், நிழலாக இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். அடையாள அட்டை காட்டினால் உள்ளூர்க் கட்டணம். கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவைக் கூட்டிப் போனால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை. கோயிலுக்கு என்றால் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரமும் பக்கம் பக்கம்.

துடுப்பு மட்டை வாங்கத்தான் பலரும் புறக்கோட்டைக்குள் நுழைகிறார்கள், அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பொடியன்களுக்கு விற்கப்பட்ட மட்டையில் "இங்கிலிஷ் வில்லோ" என்று பெரிய ஸ்டிக்கர். வில்லோ என்பது மட்டை செய்யும் மரம். நல்ல இங்கிலிஷ் வில்லோ சில ஆயிரத்துக்குக் கிடைக்காது, பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அது வெளிறிய நிறம், முகத்தில் மேலிருந்து கீழாக நேர் நேராய் வரி ஓடும். காஷ்மீர் வில்லோ கொஞ்சம் செம்பழுப்பு, பாரம் கூட, வரி மங்கல். கள்ளம் செய்பவர் முகம் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டி வரியை மறைப்பார், முடிச்சு உள்ள இடத்தில் ஸ்டிக்கர் வைப்பார். ஸ்டிக்கர் இல்லாத பின்பக்கத்தையும் தோள்பட்டையையும் பாருங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் "வி" வடிவப் பொருத்து தெரிய வேண்டும். அங்கே நாடா சுற்றியிருந்தால் வேண்டாம். ஓரத்தின் தடிப்பையும் அளந்து பாருங்கள்: 2017 முதல் விதிப்படி 40 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது, அகலம் 108. சொப்ட்போல் என்ற மென்பந்து ஆட்டத்துக்கென்று செய்த தடித்த மட்டையைக் கடினப் பந்துக்கு விற்றுவிடுவார்கள், போட்டியில் நடுவர் விடமாட்டார். சொப்ட்போல் மட்டும் ஆடுபவருக்குக் காஷ்மீர் வில்லோ தாராளம், அதன் விலைக்கு வாங்கினால். பார்த்த மட்டையை நீங்களே கையில் வைத்திருங்கள். "புதுசு எடுத்துப் பொதி பண்ணித் தாறன்" என்று உள்ளே போனால் வருவது வேறு மட்டை. பற்றுச்சீட்டு கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

திரும்பி வரும் பஸ்ஸுக்கு ஆசனத்தைப் பகலிலேயே பதிவு செய்யுங்கள். மேட்ச் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் புறக்கோட்டைக்கு ஓடும்போது, "சீட் பிடிச்சுத் தாறன்" என்று காசு வாங்குபவர் பஸ்ஸோடு சம்பந்தமில்லாதவர். வாட்ஸ்அப்பில் வங்கி இலக்கம் அனுப்பி முற்பணம் கேட்பவருக்கும் போடாதீர்கள். நடத்துனரிடம் மட்டும் காசு கொடுத்து, பயணச்சீட்டை வாங்குங்கள். கூடக் காசு எடுத்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குச் சொல்லலாம். அடையாள அட்டையைப் பூட்டி வைப்பது போன்ற வேலைக்கு நேரே பொலிஸின் 119. பஸ்ஸோ ஓட்டோவோ, முறைப்பாடு எடுப்பவர் முதலில் கேட்பது வண்டி இலக்கம்தான். ஏறுமுன் தகட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள்.