பாதம் மடங்குகிறது சரி, அவளால் மடக்க முடிகிறதா?

விடுமுறையில் ஊருக்குப் போன இடத்தில் அக்கா மகளின் ரிவ்யூவுக்கு நானும் கூடப் போனேன். அவளுக்கு செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை, இரண்டு காலும் இறுக்கம். தொடையின் பின்பக்கத் தசைநாரையும் கெண்டைக்கால் தசையையும் ஒரே அறுவையில் நீட்டியிருந்தார்கள். டோக்கன், காத்திருப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுங்கள். உள்ளே டாக்டர் தன் கையால் அவள் பாதத்தை மேலே மடக்கினார், கோணத்தைக் குறித்தார், “நல்லா வந்திருக்கு” என்றார், முடிந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் மடக்கினால் மடங்குகிறது, அவளாக மடக்க முடிகிறதா என்று யாருமே கேட்கவில்லையே! அறுவை தசையின் நீளத்தைத்தான் மாற்றும். ஒரு மூட்டை மட்டும் தனியாக அசைக்கும் கட்டுப்பாடு மூளையிலிருந்து வரவேண்டும், பாதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

நான் வசிக்கும் நாட்டில் நண்பர் மகனுக்கு கேட் லேபில், அதாவது நடையை அளக்கும் கூடத்தில், உடம்பெல்லாம் மின்னும் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து நடக்கவிட்டார்கள். அதற்குத் தேதி கிடைக்கவே அவ்வளவு காத்திருப்பு. இங்கே பிசியோதெரபி அறையில் ஒரு சின்ன வயதுப் பெண் எந்தக் கருவியும் இல்லாமல் உட்கார்ந்து ‘ஸ்கேல்’ (SCALE) பரிசோதனையைச் செய்தார், காலின் ஒவ்வொரு மூட்டையும் தனியாக அசைக்க முடிகிறதா என்று பார்ப்பது அது. 2009-இல் வெளிவந்த முறை. இடுப்பு, முழங்கால், கணுக்கால், அதற்குக் கீழ்மூட்டு, கால்விரல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, ஒரு காலுக்கு மொத்தம் 10. முதலில் அசைவைத் தானே செய்து காட்டினார், அப்புறம் “முட்டியை நீட்டியே வெச்சுக்கோ கண்ணு, பாதத்தை மட்டும் மேலே, கீழே, மறுபடி மேலே” என்று நிதானமாக எண்ணினார். வலது பாதம் தனியாக வரவே இல்லை, இடுப்பும் முட்டியும் சேர்ந்து மடங்கினால்தான் வந்தது: 0. இடது வந்தது, ஆனால் கூடவே வலதும் அசைந்தது: 1. அவசரமே இல்லை, குழந்தை முகம் வாடவும் இல்லை. இவ்வளவு பொறுமையாக அங்கே யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அறுவைக்கு முன் எடுத்த மதிப்பெண்ணைக் கேட்டேன். ஃபைலில் இல்லை, எடுக்கவே இல்லையாம்! எக்ஸ்ரே மட்டும் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஒரு பாயும் கால் மணி நேரமும் போதும் இதற்கு. கட்டுப்பாடு குறைவான காலில் தசையை நீட்டினால் எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று பெற்றோரிடம் முன்பே பேசியிருக்கலாம் இல்லையா? அக்காவிடம் சொல்லிவிட்டேன்: அடுத்த அறுவை என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் இந்த ஸ்கேல் மதிப்பெண் தாளை நிரப்பித் தரச் சொல்லுக்கா.