தஞ்சாவூரில் எந்த பஸ்ஸுக்கு நிற்பது?

பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதும் நான் முதலில் பார்ப்பது, கூட வந்திருப்பது யார் என்பதைத்தான்.

அம்மா கூட வந்தால் அரசு டவுன் பஸ். அதில் பேச்சுக்கே இடமில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மாசம் நாலு நடை போய்வருகிறவளுக்கு அது மிச்சம்தான். படிதான் தொல்லை. முதல் படியே முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருப்பா, எடுத்துடாத" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தபடியே ஏறுவாள். சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் திரும்பவும் ஓட ஆரம்பித்தன. முழங்கால் வலி என்னவோ எல்லா ஊரிலும் இருக்கிறது.

தனியாகப் போனால் எனக்குப் பிரைவேட் பஸ்தான். காதைப் பிளக்கும் பாட்டு, வாசலுக்கு வாசல் "உள்ள போ, உள்ள போ" சத்தம், எல்லாம் உண்டு. ஆனாலும் வண்டி வரும். ஸ்டாண்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒவ்வொரு வண்டிக்கும் டைம் உண்டு. முன்னால் நிற்கிறவன் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால், பின்னால் நிற்கிறவனுக்கு வரவேண்டிய ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் அந்தச் சண்டை: "உன் டைம் முடிஞ்சிடுச்சு, எடு வண்டிய!" அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதி, இனி கிளம்பிவிடும். கிளம்பி ஸ்டாண்டு வாசல்வரை ஊர்வான், அதற்குப் பிறகு பறப்பான்.

இதெல்லாம் பகலில். ஒருநாள் ராத்திரி பிரைவேட் பஸ்ஸின் கடைசி டிரிப்புக்காகப் புது பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்றேன். டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "கூட்டமில்ல தம்பி, வண்டிய ஷெட்டுக்கு விட்டுட்டான்." கலெக்‌ஷன் இல்லையென்றால் டிரிப் இல்லை. அப்புறம் ஆட்டோதான், பஸ் டிக்கெட்டைப்போலப் பத்து மடங்கு. இந்த இடத்தில் அரசு பஸ்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. சில கிராமங்களுக்கு நைட் ஹால்ட் வண்டி போகிறது. டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துவிட்டு, விடியற்காலை முதல் டிரிப்பில் பூக்கூடையும் கீரைக்கட்டுமாக ஊரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மூன்றாவது மினி பஸ். பஸ் போகாத ஊர்களை மெயின் ரோட்டோடு சேர்க்க 1997-ல் வந்த திட்டம். 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் இதே தஞ்சாவூரில்தான். ஒரு தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர்வரை போகலாம், அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். உயரமான ஆள் என்றால் உட்கார இடம் கிடைத்தால் ஏறுங்கள், நின்றுகொண்டு போனால் கழுத்து போய்விடும்.

எங்கள் தெருமுனையிலேயே மினி பஸ் நிற்கும். படியும் கொஞ்சம் தாழ்வு. அம்மாவுக்குத் தோதான வண்டி இதுதான் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"அதுல காசு கேப்பான்டா" என்கிறாள், முழங்காலை நீவிவிட்டுக்கொண்டே.