யாழ்ப்பாணத்தில் இருந்து சந்தா வாங்கி ஓர் இசை மடல்: சப்ஸ்டாக்கா, கோஸ்டா, பேட்ரியானா, வங்கிக் கணக்கா?

தவிலும் நாதஸ்வரமும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. அளவெட்டி, இணுவில் பக்கம் போனால் 1975இல் மறைந்த தட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றி மணிக்கணக்கில் கதைக்க ஆள் இருக்கிறது. அந்தக் கதையை எழுத்தாக்கி, மாதச் சந்தா வைத்து, மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று யோசிப்பவர்கள் எந்தத் தளம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காசு எந்த வழியால் கைக்கு வரும் என்பதை முதலில் பாருங்கள் என்பேன். இங்கே இருந்து தொடங்குபவருக்கு மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மின்னஞ்சல் மடல் அனுப்பும் தளமான சப்ஸ்டாக் 2017இல் வந்தது. இலவச மடலை எத்தனை பேருக்கும் அனுப்பலாம், சந்தா வாங்கினால் 10 வீதம் எடுத்துக்கொள்ளும், கணினி அதிகம் தெரியாதவரும் ஒரே மாலையில் முதல் மடலை அனுப்பிவிடலாம். ஆனால் சந்தாக் காசு, வங்கி அட்டையில் கட்டுவதை வாங்கித் தரும் ஸ்ட்ரைப் என்ற சேவை வழியாகத்தான் வரும், ஸ்ட்ரைப் இலங்கையில் இல்லை. இலங்கை வங்கிக் கணக்கு மட்டும் உள்ளவருக்கு அதோடு கதை முடிந்தது. கோஸ்ட் கொமிசனே எடுப்பதில்லை, இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நடத்தும் திறந்த மூல மென்பொருள், மனதளவில் எனக்குப் பிடித்ததும் அதுதான், ஆனால் அதிலும் சந்தாவுக்கு ஸ்ட்ரைப்தான். பீஹைவ் என்ற இன்னொரு மடல் தளமும் அப்படியே. ஆக 10 வீதமா பூச்சியமா என்று யூரியூபில் நடக்கும் ஒப்பீடுகள் அமெரிக்காவில் இருப்பவருக்கு உதவும், நமக்கு உதவாது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: ரொறன்ரோவில் அண்ணா இருக்கிறார், லண்டனில் மச்சான் இருக்கிறார், அவர்கள் பெயரில் ஸ்ட்ரைப் திறந்தால் என்ன? திறக்கலாம். ஆனால் சட்டப்படி அது அவருடைய வருமானம், அந்த நாட்டு வரிக்கணக்கில் அவர்தான் காட்ட வேண்டும், அடையாளம் உறுதிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் ஒருவர் தலையில் இதைக் கட்டிவிடுவது சரியாக எனக்குப் படவில்லை. அவர் உண்மையிலேயே பங்காளியாக, தானும் எழுதுகிறேன், கணக்கும் பார்க்கிறேன் என்று வந்தால் மட்டும் சரி. ஸ்ட்ரைப் அட்லஸ் மூலம் அமெரிக்காவில் கம்பனி பதிவு செய்யும் வழியும் உண்டு, அதற்கு 500 டொலர். ஒரு தவில் மடலுக்கு இது தேவையில்லை.

அப்புறம், ரசிகர்கள் சந்தா கட்டிக் கலைஞரை ஆதரிக்கும் தளமான பேட்ரியான். ஜாக் கான்டே என்ற இசைக்கலைஞர் 2013இல் வேறொருவருடன் சேர்ந்து தொடங்கியது. இதில் நமக்கு முக்கியமானது, வெளிநாட்டுக் காசை வாங்கி உள்ளூர் வங்கிக்கு மாற்றித் தரும் பேயோனியர் வழியாகக் காசை எடுக்கலாம் என்பது. வெளிநாட்டுக்குக் கணினி வேலை செய்து கொடுக்கும் நம் பிள்ளைகள் பலர் ஏற்கனவே பேயோனியர் கணக்கு வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேருபவரிடம் பேட்ரியானும் 10 வீதம் எடுக்கிறது, காட் (வங்கி அட்டை) கட்டணம் தனி. 5 டொலர் சந்தாவில் 50 சதம் கொமிசன், 2.9 வீதமும் 30 சதமும் காட் கட்டணம், எல்லாம் போக 4.05 டொலர் அளவு மிஞ்சும், பேயோனியருக்கு மாற்றும் செலவு அதற்கு மேல். அந்த 30 சதம் ஒவ்வொரு முறையும் விழும் என்பதால் மாதமாதம் வாங்கினால் வருடத்துக்கு 3.60 டொலர், வருடச் சந்தாவாக வாங்கினால் ஒரே 30 சதம். எனவே வருடச் சந்தாவைத்தான் முன்னால் வைக்க வேண்டும். ஐபோன் செயலிக்குள் சேருபவரிடம் ஆப்பிளும் தன் பங்கை எடுக்கக்கூடும், ஆகவே உலாவியில் சேரச் சொல்லுங்கள்.

பேட்ரியானில் எனக்குப் பிடிக்காத விடயம் ஒன்று இருக்கிறது. வாசகரின் காட் பேட்ரியானிடம்தான் இருக்கும். நாளைக்கு வேறு தளம் போனால் மின்னஞ்சல் முகவரிகளைக் கொண்டுபோகலாம், ஆனால் ஒவ்வொருவரும் திரும்பச் சந்தா கட்ட வேண்டும். சப்ஸ்டாக்கில் இருந்து கோஸ்டுக்குப் போனால் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் ஸ்ட்ரைப் கணக்கு நம்முடையது.

உள்ளூர் வாசகருக்கு டொலர் விலையே பொருந்தாது. 5 டொலர் என்றால் 1500 ரூபாய்க்கும் மேல், மானிப்பாயில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வராது. அவருக்கு வருடத்துக்கு ஒரு தொகை, வங்கிக்கு நேரே போட்டுவிட்டு வட்ஸ்அப்பில் ஸ்லிப் அனுப்பினால் போதும். கொமிசன் கிடையாது. வேலை அதிகம்தான், யார் கட்டினார், யாருக்கு முடிகிறது என்று ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும், ஆனால் நூறு பேர் வரைக்கும் ஒருவரால் சமாளிக்கலாம். கட்டியவர்களுக்கு மட்டும் அனுப்பக் கோஸ்டில் ஒரு வசதி உண்டு: அவர்கள் பெயருக்கு லேபல் போட்டு, இணையத்தில் வெளியிடாமல் அந்த லேபலுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பலாம், இதற்கு ஸ்ட்ரைப் தேவையில்லை. கோஸ்ட் அமைப்பே தன் சேர்வரில் நடத்தித் தரும் சேவைக்கு மாதக் கட்டணம் உண்டு என்பதைக் கணக்கில் எடுங்கள்.

எந்தத் தளம் என்றாலும் ஒலியை மடலுக்குள் வைக்காதீர்கள். ஜிமெயிலில் அது ஓடாது, பழைய பதிவின் உரிமையும் உங்களுடையதாக இராது. இணைப்பைக் கொடுத்து, எத்தனையாவது நிமிடத்தில் மல்லாரி (சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது) முடிகிறது, தவில் எங்கே தனியே எழும்புகிறது என்று எழுதுங்கள், காசு கொடுப்பவர் அதற்காகத்தான் கொடுக்கிறார். நீளத்தையும் பார்க்க வேண்டும்: ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போனால் மடலை வெட்டிவிடும், ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்.

என் தெரிவு இதுதான். கொஞ்சக் காலம் சப்ஸ்டாக்கில் இலவசமாக எழுதி முகவரிகளைச் சேருங்கள். வாசகர் நிலைத்த பிறகு வெளிநாட்டாருக்குப் பேட்ரியான், ஊராருக்கு வங்கிக் கணக்கு. சந்தா திறக்க நல்ல காலம் நல்லூர்த் திருவிழாவின் 25 நாள். ரொறன்ரோவும் பாரிஸும் அப்போது ஊரில்தான் நிற்கும், பலரிடம் இங்கேயே வங்கிக் கணக்கும் இருக்கிறது, வருடச் சந்தாவை ரூபாயிலேயே கட்டிவிட்டுப் போவார்கள்.