திருமலையில் ஒரு பால்புதுமையர் கூத்துக் குழு: சேர முன் தெரிய வேண்டியவை

ஆண்கள் பெண்வேடம் போடுவது கிழக்கிலங்கைக் கூத்துக்குப் புதிதல்ல. சேலை கட்டிக் களரிக்கு (கூத்தாடும் வட்ட மேடைக்கு) வந்தவரை ஊரே விடிய விடிய இருந்து பார்த்திருக்கிறது. அதனால், "பால்புதுமையினருக்கு (பால், பாலீர்ப்பு வழமைகளுக்குள் அடங்காதவர்களுக்கு) மேடை தருகிறோம்" என்று ஒரு குழு சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அரசரும் வீரரும் அணியும் விறைப்பான வில்லுடுப்பு யாருக்குக் கட்டப்படுகிறது? திருமலை (திருகோணமலை) நகருக்குள் ஞாயிறு பின்னேரங்களில் ஒத்திகை வைக்கும் இந்தக் குழு அதில் தேறிவிடுகிறது. திருநம்பி (பிறப்பில் பெண்ணென்று குறிக்கப்பட்ட ஆண்) ஒருவர் அருச்சுனனுக்கு ஆடலாம். திருநங்கை திரௌபதிதான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, வீமனையும் கேட்டு வாங்கலாம்.

குழுவின் பெயரும் இடமும் வேண்டுமென்றே இங்கே தரப்படவில்லை. ஒருபால் உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவைத் திருத்தி 365அ பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அயல்வீட்டுக்காரர் நீதிமன்றத் தீர்மானம் வாசித்துவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே உள்ள ஓர் உறுப்பினர் வழியாகத்தான் இடம் சொல்லப்படும். உள்ளே போனதும் கைபேசிகள் ஒரு பெட்டிக்குள் போகும். படம் எடுக்க வேண்டுமென்றால் அதில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைக் கணக்கில் வைத்து 2.30க்குத் தொடங்கி 5.30க்குச் சரியாக முடிக்கிறார்கள். இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகுவதில்லை.

குழுவின் கெட்டித்தனம் மொழியில் தெரிகிறது. "அவர்" என்றால் பால் தெரியாது, அதையே எல்லோருக்கும் சொல்லலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆலோசனை இங்கே எடுபடாது. நம் பேச்சில் மரியாதைக்கு ஆணை "அவர்" என்போம், பெண்ணை "அவ" என்போம். இதற்கு அண்ணாவியார் (கூத்தைப் பழக்கும் ஆசான்) கண்ட வழி எளிமையானது: எல்லோரும் "பிள்ளை". ஐம்பது வயதுக்காரருக்கும் அதுதான். பாத்திரம் களரிக்குள் நுழையும்போது பாடும் வரவுப் பாட்டில் "வந்தானே", "வந்தாளே" என்று வருகிற இடங்களில், ஆடுபவர் விரும்பினால் "வந்தாரே" என்று மாற்றிப் பாடுகிறார்கள். மாத்திரை மூன்றுக்கும் ஒன்றுதான் என்பதால் மத்தள அடியும் தாளமும் அசைவதில்லை. பாட்டில் அது அரசனுக்குரிய மரியாதையாகவே விழுகிறது.

குறையும் இதையொட்டியே வருகிறது. ஆணென்றும் பெண்ணென்றும் அடங்காதவர் வந்தால் யோசிக்காமல் கட்டியகாரன் வேடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நகைச்சுவையான, எந்தப் பக்கமும் சேராத பாத்திரம் என்பதால் பொருத்தமாம். ஒருமுறை என்றால் சரி. ஒவ்வொரு கூத்திலும் அதே வேடம் என்றால் பெண்வேடக்காரரைப் பகிடியாகப் பார்த்த பழைய ஊர்வழக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சேரும் நாளிலேயே எந்த வேடம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

உடல் பற்றிய விதிகள் கண்டிப்பானவை. நெஞ்சை இறுக்கும் உள்ளாடையோடு வடமோடிக் கூத்து ஆட விடமாட்டார்கள். வேகமான துள்ளாட்டத்தில் மூச்சு ஆழமாகப் போக வேண்டும். விலா விரிய இடமில்லையென்றால் தலைசுற்றும், விலாவும் நோகும். ஒத்திகைக்கு ஓர் அளவு பெரிய விளையாட்டு உள்ளாடை போதும் என்பார்கள். மேடையில் உடுப்பின் விறைப்பே நெஞ்சை மறைத்துவிடுகிறது. மருந்துக்கடை எலாஸ்டிக் பன்டேஜ் கட்டி வந்தால் அவிழ்த்த பிறகுதான் களரி: அது அசைய அசைய இறுகும். மற்ற நாட்களிலும் 8 மணித்தியாலத்துக்கு மேல் இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

ஒப்பனைப் பாடம் தனியாகவே போய்ப் பார்க்கத் தக்கது. பழைய அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், அதை உள்ளேயே எடுப்பதில்லை. முத்துவெள்ளை என்ற வெள்ளைத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். தாடி மழித்த இடத்தின் பச்சை நிழலை மறைக்க முதலில் செம்மஞ்சள் உதட்டுச்சாயத்தை மெல்லியதாகத் தடவி, பவுடர் ஒற்றி, அதன்மேல்தான் முகப்பூச்சு. இந்த வரிசை மாறினால் வெளிச்சத்தில் முகம் சாம்பலாகத் தெரியும். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் எண்ணெய்ப் பூச்சு அரைமணியில் வழியும் என்பதால் எண்ணெயைப் பாதியாக்கிப் பவுடரைக் கூட்டுகிறார்கள். ஒட்டுமீசை வைப்பவர் காலையிலேயே மழித்துவிட வேண்டும். மழித்த கையோடு பசை பூசினால் தோல் எரியும்.

குரல் விஷயத்தில் அண்ணாவியாருக்குப் பொறுமை அதிகம். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியின் குரல் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும், இடையில் உடையும். அவருக்கு ஒரே சுருதியைக் கட்டிவைப்பதில்லை, ஒத்திகைக்கு ஒத்திகை பார்த்து இறக்குகிறார். ஈஸ்ட்ரோஜன் திருநங்கையின் குரலை உயர்த்தாது. அது தெரியாமல் பெண்குரலுக்காகத் தொண்டையை நெருக்குகிறவரைப் பாதியில் நிறுத்தி, கீழ்ச்சுருதியிலேயே பாட விடுகிறார். மேடையில் அது நன்றாகவே எடுபடுகிறது.

இனிக் காசு. பயிற்சி இலவசம், மேடையேறினால் சன்மானம் உண்டு. ஆனால் எழுத்தில் ஒன்றும் தருவதில்லை, கைக்கு வர இரண்டு மூன்று மாதம் இழுபடுகிறது. மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு கவனமான குழு இதில் மட்டும் ஏன் இப்படி அசட்டை என்று விளங்கவில்லை. தொகை, திகதி இரண்டையும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 10க்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுப்பது கடினம் என்பதால் கூத்தை 90 நிமிடமாகச் சுருக்குகிறார்கள். முழுக்கூத்து ஆடும் ஆசையோடு போனால் ஏமாற்றந்தான்.

உடுப்பு மாற்றும் அறையில் உள்தாழ்ப்பாள் உள்ள மூன்று மறைப்புகள் இருக்கின்றன, மின்விசிறி ஒன்றுதான். முதல் நாளுக்கு ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல், இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு சால்வை போதும். சதங்கை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். தாளக்கட்டு காலில் ஏறும்வரை கட்ட விடமாட்டார்கள். கட்டும் நாளிலும் அடியில் சுற்றப் பருத்தித் துணி இல்லாவிட்டால் கணுக்கால் உரிந்துபோகும்.