டொமைன் யார் கணக்கில் இருக்கிறது? இன்றே பாருங்கள்

காங்கேயத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மரச்செக்கு. தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். கொரோனாவுக்குப் பிறகு கூரியரில் கேட்பவர்கள் கூடியதால், ஒரு வெப்சைட் போடலாம் என்று தோன்றியது. சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டினார் என்று திருப்பூரில் ஒரு தம்பியைப் பிடித்தோம். மொத்தம் 25,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். "டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல் எல்லாம் நான் பாத்துக்கறனுங்ணா, நீங்க எண்ணெயப் பாருங்க" என்றார். டொமைன் என்றால் சைட்டின் முகவரிப் பெயர், ஹோஸ்டிங் சைட்டை வைக்கும் இடம், எஸ்எஸ்எல் அதன் பாதுகாப்புச் சான்றிதழ். நானும் எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் என்றது மூன்று மாதம் ஆனது. அதை விடுங்கள், போட்டோ அனுப்ப நாங்களும் இழுத்தடித்தோம். சைட் வந்ததும் திறந்தால், நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஆலிவ் காய்கள். எள்ளு எங்கே தம்பி என்றால், "டெமோ படம்ங்ணா, மாத்திக்கலாம்." கடைசிவரை மாறவில்லை.

ஆலிவ் காயைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு மாதமாக சைட் மூலம் ஒரு விசாரணைகூட வரவில்லை. ஒருநாள் என் மகளே வாடிக்கையாளர் மாதிரி படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. துருவிக் கேட்டபோதுதான் தம்பி சொன்னார்: படிவம் போய்ச் சேரும் மெயில் முகவரி, டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி முகவரியாம். மாற்ற மறந்துவிட்டாராம். "ரெண்டு தடவ மெயில் போட்டேன், திமிர் புடிச்ச ஆளுங்கன்னு நெனச்சேன்" என்று கோவை ஹோட்டல்காரர் ஒருவர் பிற்பாடு என்னிடமே சொன்னார்.

அப்போதே வேறு ஆள் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வருஷம் முடிந்ததும் தம்பி ரின்யூவலுக்கு 18,000 கேட்டார். கணக்குக் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்தது: டொமைன் 3,000, ஹோஸ்டிங் 7,500, எஸ்எஸ்எல் 4,000, வேர்ட்பிரஸ் லைசன்ஸ் 3,500. மகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினாள். சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், அதற்கு லைசன்ஸ் கட்டணமே கிடையாது. எங்கள் சைட்டில் எஸ்எஸ்எல்லாக இருந்தது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ், அதுவும் இலவசம். காலாவதியாகும் முன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிடலாம். டாட் காம் பெயரை நாமே நேராகப் புதுப்பித்தால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறோடு முடிந்திருக்கும்.

சரி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஆத் கோடு கொடுங்கள் என்று கேட்டேன். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அந்தக் குறியீடு வேண்டும். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த வாரம் சைட்டே இல்லை.

டொமைன் விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம். கணக்கு அவர் மெயிலில், அவர் போன் நம்பரில் இருக்கிறது, கணக்குக்காரர் கேட்டால்தான் கோடு தருவோம் என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. காசு என்னுடையது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஜிபே அனுப்பும்போது குறிப்பில்கூட நான் எதுவும் எழுதவில்லை. டொமைன் தகராறுக்கு, ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைபோவில் முறையிடலாம் என்றார் வக்கீல். ஒரு நடுவருக்கே கட்டணம் 1,500 டாலர். டிரேட்மார்க் உரிமையையும் காட்ட வேண்டும். நாங்கள் பெயரைப் பதிவே செய்யவில்லை.

இதற்கு நடுவே அந்த சைட் முகவரியை அச்சடித்த லேபிள் 6,000 வீட்டில் கிடக்கிறது. அம்மா தினமும் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து, பழைய முகவரி மேல் புதிய முகவரி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறார். கோணல்மாணலாக ஒட்டினால் மருமகள் திட்டுவாள் என்று ஸ்கேல் வேறு வைத்துக்கொள்கிறார்.

உங்களுக்குச் சைட் இருந்தால் இன்றைக்கே ஒன்று பாருங்கள். டொமைன் விற்ற நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மெயிலைப் போட்டு நீங்களே லாகின் செய்ய முடிகிறதா? முடியாவிட்டால் அந்தப் பெயர் உங்கள் கையில் இல்லை. செய்து தந்தவரோடு நல்ல பழக்கம் இருக்கும்போதே மாற்றி வாங்குங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் உங்கள் கார்டில், உங்கள் மெயிலில் நீங்களே வாங்கிவிட்டு, அப்புறம் ஆளைத் தேடுங்கள்.

எங்கள் பழைய பெயரை அவர் இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறார். காலாவதியானாலும் உடனே கிடைக்காது. நிறுவனம் தரும் அவகாசம், பிறகு அவரே மீட்பதற்கு 30 நாள், அப்புறம் 5 நாள் கழித்துத்தான் பொதுவுக்கு வரும். செக்குக் கொட்டகைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் மகள்.