நடுக்கவாத மாத்திரை: எதோடு எதைச் சேர்ப்பது?

பார்க்கின்சன் என்கிற நடுக்கவாதத்தில் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்துவிடும்; அதை ஈடுகட்டும் மருந்து லெவோடோபா. அதைத் தனியாக விழுங்கினால் பெரும்பங்கு மூளைக்குப் போகும் முன்பே டோபமினாக மாறி, குமட்டலைத்தான் கிளப்பும். அதைத் தடுக்கத்தான் கூடவே கார்பிடோபா. காரைக்குடி மருந்துக் கடைகளில் 110, 125, 275 என்று கேட்டு வாங்குவது இந்த இரண்டின் மில்லிகிராம் கூட்டுத்தொகை.

110, 125 இரண்டிலும் லெவோடோபா 100தான். கார்பிடோபா முன்னதில் 10, பின்னதில் 25. கார்பிடோபா சரியாக வேலை செய்ய நாளுக்கு 70 முதல் 100 மி.கி. வேண்டும். மூன்று வேளை 110 போட்டால் 30தான் தேறும், 125 என்றால் 75. ஆரம்பத்திலேயே வயிற்றைப் புரட்டுகிறவருக்கு 125தான் மேல். வாந்திக்கென்று மெட்டோகுளோப்ரமைடு மாத்திரையை வாங்கிவிடாதீர்கள், நோயையே கூட்டிவிடும்.

சில வருஷம் போனால் ஒரு வேளை மாத்திரை அடுத்த வேளை வரை தாங்காது. நம் செட்டிநாட்டு வீடுகளில் இது பளிச்சென்று தெரியும். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு என்று வரிசையாக வாசல் நிலைகள். வளவில் நன்றாக நடக்கிற ஐயா, நிலைப்படி வந்ததும் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

அப்போது சேர்க்கிற மருந்துகளில் மூன்றைச் சொல்கிறேன். என்டகபோன், ஒவ்வொரு வேளையோடும் 200 மி.கி.; லெவோடோபா உடைகிற இன்னொரு வழியை அடைத்து அதன் நேரத்தை நீட்டும். கை கால் நெளிவும் வயிற்றுப்போக்கும் கூடலாம். சிறுநீர் செம்பழுப்பாகும், சொல்லிவைக்காவிட்டால் ரத்தம் என்று பதறி வீடே மதுரைக்கு வண்டி கட்டும். பிரமிபெக்சோல் டோபமின் செய்கிற வேலையைத் தானே செய்யும். வயது குறைந்தவருக்குச் சரி. முதியவருக்குப் பகல் தூக்கமும், இல்லாத ஆள் தெரிவதும் வரும். சிலருக்குச் சூதாட்ட ஆசை, கண்மண் தெரியாத செலவு. கணக்குவழக்கு இன்னும் ஐயா கையில்தான் என்றால் பெட்டிச் சாவி மேல் ஒரு கண் வையுங்கள். டிரைஹெக்ஸிஃபெனிடில் நடுக்கத்தைக் குறைக்கும், ஞாபகத்தைக் குழப்பும். எழுபது தாண்டியவருக்கு வேண்டாம் என்பேன்.

பூனைக்காலிப் பொடியைச் சத்துப்பொடி என்று நினைக்கிறார்கள். அதிலேயே லெவோடோபா இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்தால் அளவு தெரியாத இரட்டை மருந்து, டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எதையும் சேர்க்கும் முன் நேரத்தைச் சரிசெய்யச் சொல்வேன். மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. கோழிக் குழம்பும் பருப்பும் லெவோடோபா உள்ளே போவதைத் தடுக்கும். பலகாலம் மருந்து எடுப்பவர் அந்தக் குழம்பையும் பருப்பையும் இரவுக்குத் தள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் முதியவருக்கு என்டகபோன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எந்த மாற்றமும் டாக்டரைக் கேட்டுத்தான். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.