கேம் ஸ்ட்ரீமிங்குக்கு ஃபைபரா, 5ஜியா?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்ததும் மூன்று வாரம் 5ஜி ரவுட்டர் வைத்திருந்தேன். அப்புறம் ஃபைபருக்கு மாறினேன், அதுதான் இன்றும் இருக்கிறது. கன்சோல் வாங்காமல், சர்வரில் ஓடும் கேமை டிவியில் விளையாட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 1080பி படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும் என்கிறது கேம் ஸ்ட்ரீமிங் சேவையான ஜீஃபோர்ஸ் நவ். என் வீட்டில் இரண்டும் அதைத் தாண்டின. 5ஜிக்கு ஒயர் இழுக்க ஆள் வரவேண்டாம், வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். சரி, அது பெரிய வசதிதான்.

ஆனால் பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், நிலையாக இருக்கவேண்டும். படம் பார்க்கும்போது அடுத்த சில நொடிக்கானது முன்பே வந்து சேர்ந்துவிடும், லைன் திணறினாலும் தெரியாது. கேமில் அது நடக்காது. நாம் எந்தப் பட்டனை அழுத்துவோம் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி. பிங் 20 மில்லி நொடியிலிருந்து 90க்குத் தாவினால் நான்கு ஃபிரேம் போச்சு.

5ஜியில் பகலெல்லாம் நன்றாக ஓடியது. இரவு ஒன்பதுக்கு மேல், சுற்றியுள்ள பிளாக்குகளில் எல்லோரும் அதே டவரைப் பிடித்ததும் ஆட்டம் கெட்டது. தங்கை மகன் பள்ளத்தைத் தாண்டப் பட்டனை அழுத்துவான். திரையில் ஆள் உள்ளே விழுந்திருப்பான். "மாமா, நான் சரியாத்தான் அமுக்குனேன்" என்பான். அவன் மேல் தப்பில்லை. அந்த நேரத்திலும் ஸ்பீடு டெஸ்ட் 150 எம்பிபிஎஸ் காட்டியது!

சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் தூரம் காரணமில்லை. 300 கிலோமீட்டர் சொச்சம் போய்வர, ஃபைபரில் ஒளிக்கு மூன்று நான்கு மில்லி நொடி போதும். கோளாறு காற்றில் வரும் கடைசித் துண்டில்தான். ஃபைபர் வந்த முதல் நாளும் வைஃபையில் இதே திணறல். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே, அதில் மாடி முழுவதும் நெருக்கியடிக்கிறது. ரவுட்டரிலிருந்து டிவி வரை சுவரோரமாக லேன் கேபிள் இழுத்தேன். அன்றிலிருந்து பிங் பத்தை ஒட்டியே நிற்கிறது.

என் 5ஜி அனுபவம் ஒரே வீடு, மூன்றே வாரம். டவருக்கு நேரே ஜன்னல் இருப்பவருக்கு வேறு மாதிரி அமையலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர், நிதானமாக விளையாடும் கேம் பிடித்தவர் என்றால் 5ஜியே எடுக்கலாம். எதுவானாலும் பக்கத்து வீட்டில் கேட்டு, இரவு பத்து மணிக்குப் பத்து நிமிடம் பிங் ஓடவிட்டுப் பாருங்கள். சராசரியை விடுங்கள், இருப்பதிலேயே உயர்ந்த எண் எவ்வளவு என்று பாருங்கள்.